அந்தப் பட்டியலை ஏன் அழிக்கச் சொன்னார்கள்?

கேள்வி: எட்டு வருடம் சென்னையில் ஜாவா புரோகிராமராக இருந்தேன். ப்ளூ கார்டு என்ற வேலை அனுமதி வாங்கிக் குடும்பத்தோடு ஜெர்மனி வந்து, ஸ்டுட்கார்ட் பக்கத்தில் கார் உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியின் ஐடி பிரிவில் சேர்ந்திருக்கிறேன். ஆபீஸ் ஃபைல்களைச் சேமித்துப் பகிர உதவும் மைக்ரோசாஃப்ட் மென்பொருள் ஷேர்பாயிண்ட்; அதன் பழைய 2016 சர்வரில் இருப்பதையெல்லாம் ஆன்லைனுக்கு மாற்றும் குழுவில் போட்டிருக்கிறார்கள். ஷேர்பாயிண்டை இதற்கு முன் நான் தொட்டதே இல்லை. சந்தேகம் வந்தால் குழுவில் இருக்கும் இன்னொரு இந்தியரிடம் தனியாகக் கேட்டுக்கொள்கிறேன். ராத்திரி ஒரு மணி வரை வீடியோ பார்த்துப் படிக்கிறேன். போன மாதம், எந்த ஃபைலை யார் யார் எத்தனை முறை திறந்தார்கள் என்று பெயரோடு ஒரு பட்டியல் எடுத்து, யாரும் தொடாததை விட்டுவிடலாம் என்று மீட்டிங்கில் காட்டினேன். ஒருவரும் பேசவில்லை. அன்றைக்கே அதை அழிக்கச் சொல்லிவிட்டார் மேலாளர். பெட்ரீப்ஸ்ராட் என்று ஏதோ சொன்னார், புரியவில்லை. புரொபேஷன் முடிய இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. வேலை போய்விடுமா? இதைப் படித்துத்தான் என்ன பிரயோஜனம்?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், ஸ்டுட்கார்ட்

பதில்: அன்புள்ள தம்பி,

முதலில் அந்தப் பட்டியலைப் பற்றிப் பேசிவிடுவோம். உங்கள் தூக்கத்தைக் கெடுப்பது அதுதான் என்று கடிதத்திலேயே தெரிகிறது.

பெட்ரீப்ஸ்ராட் என்பது ஊழியர்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் குழு. ஐந்து நிரந்தர ஊழியர்கள் இருக்கும் நிறுவனத்தில்கூட அதை அமைத்துக்கொள்ளலாம். 1972-ல் வந்த சட்டம் ஒன்று அதற்குப் பெரிய அதிகாரம் கொடுத்திருக்கிறது. அந்தச் சட்டத்தின் 87-வது பிரிவுப்படி, ஊழியர்களின் நடத்தையையோ வேலையையோ கண்காணிக்க வழி செய்யும் எந்தத் தொழில்நுட்பத்தைக் கொண்டுவந்தாலும் அந்தக் குழுவின் சம்மதம் வேண்டும். கண்காணிக்கும் எண்ணம் இருந்ததா என்பது அங்கே கேள்வியே இல்லை. கண்காணிக்க முடியும் என்றாலே போதும், நீதிமன்றங்கள் அப்படித்தான் பொருள் கொள்கின்றன. சாட்டுக்கும் மீட்டிங்குக்கும் பயன்படும் டீம்ஸ், ஷேர்பாயிண்ட் எல்லாமே இதற்குள் வரும். எந்த அறிக்கையை எடுக்கலாம், யார் பார்க்கலாம், எத்தனை நாள் வைத்திருக்கலாம் என்று நிர்வாகமும் அந்தக் குழுவும் ஒப்பந்தம் போட்டுக்கொள்வது அங்கே வழக்கம்.

இப்போது உங்கள் மீட்டிங்கை அந்தக் கண்ணோடு பாருங்கள். திரையில் சக ஊழியர்களின் பெயர், பக்கத்தில் எந்த ஃபைலை எத்தனை முறை திறந்தார்கள் என்ற எண். நீங்கள் பார்த்தது ஃபைல்களை. அவர்கள் பார்த்தது தங்கள் பெயர்களை. நம் ஊர் ஆபீஸ்களில் லாகின் நேரம் முதல் எல்லாமே எக்செல் ஷீட்டில் ஓடும், யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். அந்தப் பழக்கத்தில் நீங்கள் எடுத்துவிட்டீர்கள். மேலாளர் அழிக்கச் சொன்னது உங்களையும் சேர்த்துக் காப்பாற்றத்தான் என்று நினைக்கிறேன்.

உங்கள் யோசனை சரியானது என்பதையும் சொல்ல வேண்டும். இப்படிப் புது இடத்துக்கு மாற்றும் மைக்ரேஷனில் குப்பையைச் சுமந்துகொண்டு போகக் கூடாது. ஆனால் அதற்குப் பெயர்களே தேவையில்லை. ஒரு ஃபைல் கடைசியாகத் திருத்தப்பட்ட தேதி, மொத்தம் எத்தனை முறை பார்க்கப்பட்டது, இந்த இரண்டும் போதும். மைக்ரோசாஃப்ட்டே 2021 செப்டம்பரிலிருந்து தன் பயன்பாட்டு அறிக்கைகளில் ஊழியர் பெயரை மறைத்துத்தான் காட்டுகிறது, நிர்வாகி வேண்டுமென்றே மாற்றினால் ஒழிய. மேலாளரிடம் போய், “அந்த ஒப்பந்தத்தை நான் படிக்க வேண்டும், அதற்கு உட்பட்டுப் பெயரில்லாமல் அதே அறிக்கையைத் தயார் செய்கிறேன்” என்று சொல்லுங்கள். தனியாக நீண்ட மன்னிப்புக் கடிதமெல்லாம் வேண்டாம்.

வேலை போகுமா என்று கேட்டிருக்கிறீர்கள். புரொபேஷனில் இரண்டு வார நோட்டீஸில் அனுப்ப முடியும், உண்மைதான். ஆனால் பெட்ரீப்ஸ்ராட் இருக்கும் இடத்தில், புரொபேஷனில் இருப்பவரை அனுப்புவதானாலும் முன்கூட்டியே அவர்களுக்குக் காரணம் சொல்லிக் கருத்துக் கேட்க வேண்டும். கேட்காமல் அனுப்பினால் அந்த நீக்கம் செல்லாது. நீங்கள் பயந்துகொண்டிருக்கும் அந்தக் குழு உங்களுக்கும் சேர்த்துத்தான் இருக்கிறது. அதன் தேர்தலில் நீங்களும் ஓட்டுப் போடலாம், ஜெர்மன் குடியுரிமை தேவையில்லை. ஒருநாள் அவர்கள் அறைக்குப் போய் அறிமுகம் செய்துகொள்ளுங்கள்.

எனக்கு இதைவிடக் கவலை தருவது இன்னொன்று. சந்தேகத்தைத் தனியாக ஒருவரிடம் கேட்கிறீர்களே, அதை இன்றோடு நிறுத்துங்கள். தெரியாது என்பது வெளியே தெரிந்துவிடுமே என்ற கூச்சம் புரிகிறது. பள்ளிக்கூடத்திலிருந்தே நமக்குள் ஊறியது அது. ஆனால் உங்களை வேலைக்கு எடுத்தவர்களுக்கு உங்கள் பயோடேட்டாவில் ஷேர்பாயிண்ட் இல்லை என்பது தெரியும். குழுவின் சேனலில் உங்கள் பெயரில் ஒரு கேள்விகூட இல்லை என்றால், நீங்கள் என்ன செய்துகொண்டிருக்கிறீர்கள் என்றே அவர்களுக்குத் தெரியாமல் போகும். பதில் சொல்லும் அந்த நண்பருக்கும் அது பாரம்.

கேட்கும் விதமும் முக்கியம். வெறும் “ஹாய்” போட்டுவிட்டுக் காத்திருக்காதீர்கள். இப்படி எழுதுங்கள்: “தரப் பிரிவின் லைப்ரரியில் ‘ஆடிட்’ ஃபோல்டருக்கு மட்டும் தனி பெர்மிஷன் இருக்கிறது. மேலேயிருந்து வருவதை யாரோ துண்டித்திருக்கிறார்கள். அப்படியே கொண்டுபோகலாமா, புதிதாக அமைக்கலாமா? புதிதாக அமைப்பது நல்லது என்பது என் எண்ணம். வியாழனுக்குள் தெரிந்தால் போதும்.” படிப்பவருக்கு விஷயம், உங்கள் கருத்து, கெடு மூன்றும் ஒரே மூச்சில் கிடைத்துவிடும். உங்களை எடைபோடுவதும் இதை வைத்துத்தான்.

அந்த உதாரணத்தில் சொன்ன பெர்மிஷன், அதாவது யார் எதைத் திறக்கலாம் என்ற உரிமைதான் நீங்கள் முதலில் படிக்க வேண்டியதும். சைட்டில் கொடுத்த உரிமை, ஃபைல்களை வைக்கும் லைப்ரரிக்கு, அதிலிருந்து ஃபோல்டருக்கு, அதிலிருந்து ஃபைலுக்கு இறங்கிவரும். எங்கே அது துண்டிக்கப்பட்டிருக்கிறது என்று கண்டுபிடிப்பதில்தான் மைக்ரேஷனின் பாதி தலைவலி இருக்கிறது. அடுத்து, டீம்ஸுக்கும் ஷேர்பாயிண்டுக்கும் உள்ள உறவு. டீம்ஸ் சேனலில் போடும் ஃபைல் உண்மையில் ஷேர்பாயிண்ட் சைட்டில் போய் உட்காருகிறது. தனி சாட்டில் அனுப்பினால் அனுப்பியவரின் சொந்தச் சேமிப்பிடமான ஒன்டிரைவில். ஒரு பிரைவேட் சேனல் தொடங்கினால் அதற்கென்றே தனி சைட் உருவாகும். இது புரிந்துவிட்டால் “என் ஃபைலைக் காணோம்” என்று வரும் புகார்களில் பலவற்றை உட்கார்ந்த இடத்திலேயே தீர்க்கலாம். பட்டியலைக் காட்டும் ஒரு வியூவில் 5,000 வரிக்கு மேல் போனால் வரும் தடையையும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். பழைய சர்வரில் பெரிய பட்டியல்கள் நிச்சயம் இருக்கும்.

வீடியோக்களைக் குறையுங்கள். மைக்ரோசாஃப்ட் லேர்ன் தளத்தில் பாடங்கள் இலவசம். ஆபீஸில் ஒரு சோதனை சைட் கேளுங்கள், அதில் உடைத்துப் பார்த்துப் படியுங்கள். அதுவும் ஆபீஸ் நேரத்தில். வேலைக்காகப் படிப்பதும் வேலைதான், அதை மேலாளரிடம் வாய்விட்டுக் கேளுங்கள்.

பிரயோஜனம் என்ன என்று கேட்டீர்கள். ஷேர்பாயிண்ட் 2016, 2019 இரண்டுக்கும் மைக்ரோசாஃப்ட் ஆதரவு தருவதற்கு வைத்த கடைசித் தேதி 2026 ஜூலை 14. இன்ஃபோபாத் என்ற பழைய மென்பொருளில் செய்த படிவங்களுக்கும் அதே நாள்தான். எத்தனையோ கம்பெனிகளுக்கு உங்கள் குழு செய்கிற இதே வேலை தேவை. ஜாவாவும் வீண் போகாது. ஷேர்பாயிண்டுக்குப் புது வசதிகள் செய்ய உதவும் ஷேர்பாயிண்ட் ஃபிரேம்வொர்க்கில் எழுதுவது டைப்ஸ்கிரிப்ட் மொழியில், அது உங்களுக்குச் சீக்கிரம் பிடிபடும். ஷேர்பாயிண்ட் தகவல்களை நிரல் வழியாக எடுக்க உதவும் கிராஃப் ஏபிஐ-யை ஜாவாவிலிருந்தே அழைக்கலாம். மாற்றி எழுத வேண்டிய பழைய நிரல்கள் கண்ணில் படும்போது “இதை நான் எடுத்துக்கொள்கிறேன்” என்று சொல்லிவிடுங்கள்.

அப்புறம், ராத்திரி ஒரு மணிப் படிப்பு வேண்டவே வேண்டாம். மனைவியைப் பற்றி ஒரு வரிகூட நீங்கள் எழுதவில்லை. ப்ளூ கார்டு வைத்திருப்பவரின் துணைக்கு அங்கே தடையில்லாமல் வேலை பார்க்க உரிமை உண்டு என்பது அவருக்குத் தெரியுமா? ஊர்தோறும் இருக்கும் ஃபோல்க்ஸ்ஹோக்ஷூலே என்ற பெரியவர்களுக்கான கல்வி மையத்தில் மாலை நேர ஜெர்மன் வகுப்புகள் நடக்கும், கட்டணமும் அதிகமிருக்காது. வாரத்தில் இரண்டு மாலை வீட்டை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள், அவர் போய் வரட்டும். மேலாளரிடம் பேசிய பிறகு என்ன ஆயிற்று என்று எனக்கு எழுதுங்கள்.