பிளாஸ்டிக் விமானமும் வடசென்னைக் காற்றும்: கேள்வி பதில்

ஸ்கேல் மாடல் விமானம், அதாவது நிஜ விமானத்தின் சின்னப் பிளாஸ்டிக் நகலைப் பாகம் பாகமாக ஒட்டுகிற எங்கள் வட்டத்தில் கேள்விகளைச் சீட்டில் எழுதிக் கொடுப்பது வழக்கம். இந்த முறை பதில் சொல்லும் வேலை என் தலையில் விழுந்தது. பெட்டிக்குள் வரும் குறிப்புத்தாள் சொல்லாத சங்கடங்களைத்தான் பலரும் கேட்டிருக்கிறார்கள்.

ராயபுரத்திலிருந்து: முதல் கிட்டாக எதை வாங்கலாம், அண்ணே? 1/32 பெட்டியைப் பார்த்தால் ஆசையாக இருக்கிறது.

ஆசை நியாயம்தான், ஆனால் இப்போது வேண்டாம். 1/72-ல், அதாவது நிஜத்தில் எழுபத்திரண்டில் ஒரு பங்கு அளவில், ஒரு ஸ்பிட்ஃபயர் போர் விமானம் எடுங்கள். நிஜ விமானத்தின் இறக்கை நுனிக்கு நுனி 11.23 மீட்டர். 1/72-ல் அது 15.6 சென்டிமீட்டர், 1/32-ல் 35 சென்டிமீட்டர். வீட்டில் எங்கே வைப்பீர்கள்? இரட்டை இறக்கை விமானம் பக்கமும் போக வேண்டாம். மேல் இறக்கையை நேராக உட்கார வைப்பதற்குள் வெறுத்துப் போகும்.

காசிமேட்டிலிருந்து: இரட்டை இன்ஜின் போர் விமானமான பி-38 லைட்னிங் செய்கிறேன். ஒட்டாமல் பொருத்திப் பார்த்தால் மூக்குச் சக்கரம் தரையில் பதியாமல் வால் பக்கம் சாய்ந்துவிடுகிறது. வீட்டில் தூண்டில் ஈயம் நிறைய கிடக்கிறது. மூக்குக்குள் ஃபெவிகால் போட்டு ஒட்டலாமா?

ஈயம் சரி, ஃபெவிகால் கூடவே கூடாது. அந்த வெள்ளைப் பசையிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக அசிட்டிக் அமிலம் வரும். ஈயம் அதோடும் ஈரக் காற்றோடும் சேர்ந்து வெள்ளைப் பொடியாக மாறும். பொடிக்கு ஈயத்தைவிட இடம் அதிகம் வேண்டும். அடைத்த மூக்குக்குள் அது உப்பிக்கொண்டே போய், சில வருஷம் கழித்து அலமாரியில் சும்மா நிற்கிற விமானத்தின் மூக்குத் தையலை, அதாவது இரண்டு பாதிகள் ஒட்டிய கோட்டை, பிளந்துவிடும். கடலோர வீட்டில் ஈரத்துக்குக் குறைவா என்ன? எம்-சீலோ அரால்டைட்டோ போட்டு ஈயம் முழுக்க மூடும்படி ஒட்டுங்கள்.

எவ்வளவு எடை என்பதை மூடுவதற்கு முன்பே பாருங்கள். பாகங்களை டேப்பால் சேர்த்து, பின் சக்கரங்கள் வரும் இடத்துக்கு நேர்கீழே ஒரு பென்சிலைக் குறுக்கே வைத்து அதன்மேல் நிறுத்துங்கள். மூக்கு தானாகச் சாயும் வரை ஈயம் சேருங்கள், அப்புறம் பெயிண்டுக்காக ஒரு துணுக்கு கூடுதலாக. பி-38-க்கு நடு உடல் மூக்கில் இடம் போதாது. இரண்டு இன்ஜின் கூட்டிலும் முன்பக்கமாகப் பிரித்து வையுங்கள். பின் சக்கரத்துக்குப் பின்னால் வைக்கிற ஈயம் வாலோடு கூட்டு சேர்ந்துவிடும். ரொம்பவும் அள்ளிப் போட்டால் கால் வளையும். ஈயத்தைத் தொட்ட கையோடு சாப்பிட உட்காராதீர்கள்.

கொளத்தூரிலிருந்து: எங்கள் ஏரியாவில் மீன் தொட்டிக் காற்று பம்ப் சல்லிசாகக் கிடைக்கிறது. பெயிண்டைக் காற்றால் தூவும் ஏர்பிரஷுக்கு ஆகுமா?

ஆகாது. ஏர்பிரஷுக்கு 15 முதல் 20 பி.எஸ்.ஐ. அழுத்தம் வேண்டும். மீன் தொட்டி பம்ப் குமிழி விடத்தான் லாயக்கு. காசைச் சேர்த்து, தொட்டி வைத்த சின்ன கம்ப்ரஸர் வாங்குங்கள், தண்ணீர் பிடிக்கும் வடிகட்டியோடு.

திருவொற்றியூரிலிருந்து: ஐப்பசி மழையில் லாக்கர் பெயிண்ட் அடித்தேன். கறுப்பு முழுக்கச் சாம்பல் பூத்ததுபோல் வெளுத்துவிட்டது. பெயிண்ட் மோசமா, சார்?

பெயிண்டின் மேல் பழி போடாதீர்கள். லாக்கரில் உள்ள தின்னர் வேகமாக ஆவியாகும்போது அந்த இடம் குளிர்கிறது. காற்றிலுள்ள ஈரம் அதில் படிந்து பெயிண்டுக்குள் மாட்டிக்கொள்கிறது. மெதுவாகக் காய வைக்கும் ரிடார்டரைத் தின்னரில் கலந்து, மெல்லிசாக ஒரு கை மேலே அடித்துப் பாருங்கள், பெரும்பாலும் வெளுப்பு போய்விடும். அடைமழை நாளில் பெயிண்ட் வேலையே எடுக்காதீர்கள். அந்த நாட்களில் காக்பிட் ஒட்டலாம், தையலைத் தேய்க்கலாம்.

வியாசர்பாடியிலிருந்து, பள்ளி மாணவர்: நிர்மல் ஜித் சிங் செகோன் ஓட்டிய நாட் விமானம் செய்ய ஆசை. கடையில் பிரிட்டனின் ரெட் ஆரோஸ் சாகசக் குழுவின் சிவப்பு நாட் கிட்தான் இருக்கிறது. அதற்கே இந்திய நிறம் அடிக்கலாமா?

நல்ல ஆசை, தம்பி. 1971 டிசம்பர் 14-ல் ஸ்ரீநகரைக் காக்க எழும்பிப் போய் உயிரைக் கொடுத்தவர் அவர். விமானப்படையில் பரம்வீர் சக்ரா பெற்றவர் அவர் ஒருவர்தான். ஆனால் ரெட் ஆரோஸ் ஓட்டியது இரண்டு பேர் உட்காரும் பயிற்சி விமானம். நம்முடையது ஒற்றை இருக்கை. கேனபி (விமானி தலைக்கு மேலுள்ள கண்ணாடி மூடி) மட்டும் இல்லை, இறக்கையே வேறு, பயிற்சி விமானத்துக்கு அது பெரிது. நிறம் மாற்றினால் ஊர் ஏமாறும், நீ ஏமாறமாட்டாய். ஒற்றை இருக்கை கிட்டுக்குக் காத்திரு. நம் விமானப்படையின் வட்டச் சின்னம் ஒட்டும்போது நடுவில் பச்சை, வெளியே காவி.

வண்ணாரப்பேட்டையிலிருந்து: ஃபெவிக்விக் போட்டு கேனபி ஒட்டினேன். மறுநாள் கண்ணாடி முழுக்கப் பனி மூட்டம்.

அதன் ஆவி செய்கிற வேலை அது. ஃபெவிகாலுக்கு உண்டான இடம் இங்கேதான்: மெதுவாக ஒட்டும், கண்ணாடியைத் தொடாது, காய்ந்தால் தெரியாது. மங்கிய கேனபி கழன்று வந்தால் 2000 நம்பர் வாட்டர் பேப்பரில் நனைத்துத் தேய்த்து, பாலிஷ் போட்டு, நிறமில்லாத அக்ரிலிக் கிளியரில் முக்கி எடுங்கள். கழலவில்லை என்றால் விமானி தூங்குகிறார் என்று சொல்லிக்கொள்ள வேண்டியதுதான்.

தண்டையார்பேட்டையிலிருந்து: இடுக்கியிலிருந்து தெறித்த பாகத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?

ஃபேனை நிறுத்துங்கள். விளக்கையும் அணையுங்கள். டார்ச்சைத் தரையோடு தரையாகப் படுக்க வைத்து அடித்தால் சின்னப் பாகத்துக்கும் நீள நிழல் விழும். அடுத்த முறை விளிம்பு உயர்ந்த தாம்பாளத்துக்குள் வைத்து வெட்டுங்கள்.

எண்ணூரிலிருந்து: பிரிக்காத பெட்டிகள் பீரோ மேல் ஏறிக்கொண்டே போகின்றன. வீட்டில் திட்டு. பழைய பெட்டிகளில் டெக்கால் (நீரில் நனைத்து ஒட்டும் படத்தாள்) வேறு மஞ்சளாகிவிட்டது.

திட்டுக்கு என்னிடம் மருந்து இல்லை. வாங்குவது ஒரு பொழுதுபோக்கு, ஒட்டுவது வேறொன்று என்று எனக்குத் தோன்றுகிறது. டெக்காலுக்கு வழி உண்டு. தாளைப் பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு, படம் வெளியே பார்க்கும்படி ஜன்னல் கண்ணாடியில் உள்பக்கம் ஒட்டுங்கள். நம் ஊர் வெயிலில் சில நாட்களிலேயே மஞ்சள் வெளுக்கும். பிறகு தேவைப்படாத ஓர் எழுத்தை மட்டும் வெட்டி நீரில் போட்டுப் பாருங்கள். உடைந்து சிதறினால், மிச்சத் தாளின் மேல் கிளியர் ஒரு கோட் அடித்துக் காய வைத்த பிறகே பயன்படுத்துங்கள். ஒட்டும் இடத்தில் மட்டும் முதலில் பளபளப்புக் கிளியர் வேண்டும். சொரசொரப்பான மேட் பெயிண்டில் ஒட்டினால் அடியில் காற்று தங்கி வெள்ளி மினுக்கும். மஞ்சள் அதிகம் ஏறிய பெட்டியை முதலில் பிரியுங்கள்.