வைரஸ் ஆராய்ச்சிக்குப் போக விரும்பும் மகளுக்கு முதலில் வேதியியல்

மதிப்பிற்குரிய ஐயா,

நீட் மதிப்பெண் போதாத நிலையில், இன்னோர் ஆண்டு கோச்சிங் செல்ல மறுத்து, வைரஸ் ஆராய்ச்சிக்குப் போகிறேன் என்று தங்கள் மகள் பிடிவாதமாக இருப்பதாகவும், அதைப் படித்தால் வேலை கிடைக்குமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். வேலையைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். அத்துறையினர் அன்றாடம் எதைப் பற்றி யோசிக்கிறார்கள் என்பது தெரியாமல், எந்தப் பட்டப்படிப்பில் சேர்ப்பது என்று முடிவு செய்ய இயலாது.

போலியோ வைரஸையே எடுத்துக்கொள்வோம். அதன் விட்டம் சுமார் 30 நானோமீட்டர். புரத உறைக்குள்ளே இருப்பது அதன் மரபுச் செய்தியைத் தாங்கும் ஒற்றை இழை ஆர்.என்.ஏ.; நியூக்ளியோடைடுகள் எனும் வேதி எழுத்துகள் ஏறத்தாழ 7,500 கொண்டது. செல்லுக்குள் நுழைந்த இந்த இழையை, செல்லில் புரதம் தயாரிக்கும் ரைபோசோம்கள், செல்லின் சொந்தத் தூது ஆர்.என்.ஏ.வை (புரதம் செய்வதற்கான செய்தி இழையை) படிப்பது போலவே படித்து, ஒரே நீண்ட புரதச் சங்கிலியை உருவாக்கிவிடுகின்றன. அச்சங்கிலிக்குள் அடங்கியுள்ள, புரதத்தை வெட்டும் புரோட்டியேஸ் நொதிகளே அதைக் குறித்த இடங்களில் வெட்டி, உறைப் புரதங்களாகவும், ஆர்.என்.ஏ.வைப் பார்த்து ஆர்.என்.ஏ. எழுதும் பாலிமரேஸ் என்ற நொதியாகவும் பிரிக்கின்றன.

சுவையான சிக்கல் இதற்குப் பிறகுதான் வருகிறது. ரைபோசோம் இழையின் ஒரு முனையிலிருந்து புறப்படுகிறது; பாலிமரேஸோ அதே இழையின் மறுமுனையிலிருந்து தொடங்குகிறது. ஒற்றைத் தண்டவாளத்தில் எதிரெதிரே இரண்டு ரயில் வந்தது போல இரண்டும் முட்டிக்கொள்ளாமல் இருக்க வேண்டுமானால், புரதத் தயாரிப்பு ஓய்ந்து நகலெடுப்பு தொடங்கும் தருணம் ஒன்று வேண்டும். புரதத் தயாரிப்புக்குத் துணைநின்ற செல்லின் புரதம் ஒன்றை வைரஸின் நொதி வெட்டிவிடுவது இந்த மாற்றத்துக்கு உதவுகிறது என்று ஆய்வுகள் காட்டுகின்றன. அதன்பின், வைரஸ் திருத்தியமைத்த செல் சவ்வுகளின் மீது முதலில் எதிர் இழை உருவாகி, அதிலிருந்து மூல இழையின் நகல்கள் ஏராளமாகப் பிறக்கின்றன. இந்தப் பாலிமரேஸுக்குப் பிழை திருத்தும் பழக்கம் இல்லை. ஆகவே நகல்களில் மாற்றங்கள் சேர்ந்துகொண்டே போகும்.

உறை கட்டுவதை மேற்பார்வையிட எவரும் இல்லை. உறைப் புரத அலகுகள் ஐந்தைந்தாகச் சேர்ந்து, அப்படிப்பட்ட 12 தொகுதிகள் கூடி, ஆர்.என்.ஏ.வை உள்ளடக்கிய கூடாகின்றன. 1955இல் பிரேங்கல்-கான்ராட், வில்லியம்ஸ் என்ற அறிவியலாளர்கள், புகையிலைச் செடியைத் தாக்கும் தேமல் வைரஸின் புரதத்தையும் ஆர்.என்.ஏ.வையும் தனித்தனியே பிரித்து, மீண்டும் சோதனைக் குழாயில் கலந்தபோது, தொற்றும் திறனுள்ள வைரஸ் உருவாயிற்று. போலியோ வைரஸையும் 1991இல் முழுச் செல் இன்றி, செல்களைச் சிதைத்து எடுத்த சாற்றில் உருவாக்கிக் காட்டினார்கள்.

உறை தானாகவே சேர்வது எப்படி என்ற கேள்விக்கு, மின்னூட்டங்களின் ஈர்ப்பு, புரதத்தில் நீரை விலக்கும் பகுதிகள், வடிவக் கணிதம் ஆகியவையே விடை தருகின்றன. உயிரியல் பாடத்தை மனப்பாடம் செய்யும் திறமை இங்கே அதிக தூரம் வராது. அதனால்தான், ‘வைராலஜி’ என்று பெயரிட்ட இளநிலைப் படிப்பைத் தேடி அலைய வேண்டாம் என்கிறேன். தங்கள் மகள் பயோ-மேத்ஸ் குரூப் படித்தவர் என்பதால், வேதியியல் அல்லது இயற்பியல் இளநிலையில் தயங்காமல் சேர்க்கலாம். உயிர்வேதியியலும் நல்லதே, ஆனால் கணக்கை விட்டுவிடக் கூடாது. புரதங்களின் வடிவத்தை ஆராயும் புரத அமைப்பியலுக்கு அடித்தளமிட்ட ஜி. என். ராமச்சந்திரன் இயற்பியலாளர், அவர் பணியாற்றிய சென்னைப் பல்கலைக்கழகத் துறை இன்றும் கிண்டி வளாகத்தில் இயங்குகிறது, அங்கேயே முதுநிலை உயிர் இயற்பியல் படிக்கலாம். நாம் கீரையாகச் சமைக்கும் அகத்தியைத் தாக்கும் தேமல் வைரஸின் அமைப்பையும், அதன் உறை எப்படிச் சேர்கிறது என்பதையும், பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்தில் சாவித்திரி, எம். ஆர். என். மூர்த்தி ஆகியோரின் குழுக்கள் பல ஆண்டுகள் ஆராய்ந்திருக்கின்றன. வைராலஜியிலேயே முதுநிலை வேண்டுமென்றால் திருப்பதி வெங்கடேசுவரா பல்கலைக்கழகம் இருக்கிறது.

இனி வேலை. பி.எஸ்சி. முடித்தவுடன் இத்துறையில் நல்ல ஊதியம் எதிர்பார்க்காதீர்கள். முனைவர் பட்டம் வரை போவதென்றால் ஒன்பது, பத்து ஆண்டுகள் ஆகலாம். ஆனால் அத்தனை காலமும் தாங்களே செலவு செய்ய வேண்டியதில்லை: சி.எஸ்.ஐ.ஆர். நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வில் ஜே.ஆர்.எஃப். எனும் இளநிலை ஆய்வு உதவித்தொகைக்குத் தேர்வு பெற்றால் முதல் இரண்டு ஆண்டுகள் மாதம் ரூ.37,000 உதவித்தொகை உண்டு. அதன்பின் ஆராய்ச்சி நிறுவனங்கள், நோய் கண்டறியும் ஆய்வகங்கள், தடுப்பூசி நிறுவனங்கள் என வாய்ப்புகள் இருக்கின்றன. கால்நடைகளைத் தாக்கும் கோமாரி நோயை உண்டாக்குவதும் போலியோவின் குடும்பத்தைச் சேர்ந்த வைரஸ்தான். அதற்கான தடுப்பூசி நம் நாட்டிலேயே தயாராகிறது. வீட்டுச் சூழலால் இருபத்திரண்டு வயதில் வருமானம் கட்டாயம் தேவைப்படுமானால், இந்த வழியை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

சேர்ந்த பிறகு, இரண்டாம் ஆண்டுக் கோடை விடுமுறைக்குப் பல மாதங்கள் முன்பே, இந்திய அறிவியல் அகாதெமிகள் வழங்கும் கோடைக்கால ஆய்வு உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். ஆய்வகத்தில் இரண்டு மாதம் நின்று பார்த்த பின்னும் விருப்பம் குறையவில்லை என்றால், முதுநிலை நுழைவுத்தேர்வுகளைப் பற்றி அப்போது பேசுவோம்.