தாய்லாந்து மொழியும் அந்நாட்டு அரசியலும் சேர்த்துப் படிக்கலாமா?

தாய்லாந்து மொழியையும் அந்நாட்டு அரசியலையும் சேர்த்து எடுத்தால் மொழியே நேரத்தை எல்லாம் விழுங்கிவிடும், அரசியல் பாடம் அடிபடும் என்று பயப்படுகிறீர்கள். முதல் வருடம் அப்படித்தான் இருக்கும். 44 மெய்யெழுத்துகள், ஐந்து தொனிகள், போதாததற்குச் சொற்களுக்கு நடுவே இடைவெளியே விடமாட்டார்கள். ஆனாலும் இரண்டையும் சேர்த்தே எடுங்கள்.

ஏனென்றால் பாங்காக் பத்திரிகைத் தலைப்பைப் பார்த்தால், 2014 ஆட்சிக் கவிழ்ப்பை நடத்திய பிரயுத் சான் ஓச்சாவை முழுப்பெயரில் எழுதாமல் 'பிக் தூ' என்று பட்டப்பெயரில் போட்டிருப்பார்கள், ஆண்டும் புத்த ஆண்டுக் கணக்கில் 2557 என்று இருக்கும், 543ஐக் கழித்தால்தான் நமக்குப் புரியும். இந்தப் பழக்கம் ஆங்கில நூல்களை மட்டும் படித்தால் வராது. 2023 தேர்தலில் மூவ் ஃபார்வர்ட் கட்சி முதலிடம் வந்தும் ராணுவ ஆட்சி நியமித்த செனட் (மேலவை) அதன் தலைவரைப் பிரதமராக விடவில்லை, 2024இல் அரசியல் சாசன நீதிமன்றம் கட்சியையே கலைத்தது. இதைப் பற்றி அங்குள்ளவர்கள் என்ன பேசுகிறார்கள் என்பதை அவர்கள் மொழியிலேயே கேட்பது வேறு.

முதல் வருடத்தில் அரசியல் பாடங்களைக் கொஞ்சம் குறைவாக எடுத்துக்கொள்ளுங்கள், தினமும் ஒரு மணி நேரம் வாசிப்புக்கு. அப்புறம் முக்கியமான விஷயம்: ஒரு பருவம் அங்கே போய்ப் படிப்பதாக இருந்தால் குற்றவியல் சட்டம் 112ஆம் பிரிவை முதலில் படித்துவிடுங்கள். மன்னரையோ அரசியையோ பட்டத்து வாரிசையோ அரசப் பிரதிநிதியையோ அவமதித்ததாக ஒவ்வொரு குற்றச்சாட்டுக்கும் 3 முதல் 15 ஆண்டு சிறை, வெளிநாட்டவருக்கும் விலக்கில்லை. ஃபேஸ்புக்கில் எதைப் பகிர்கிறீர்கள் என்பதிலும் கவனமாக இருங்கள்.