அந்த மூன்று மணி நேரம்

கேள்வி: திருச்சியில் கைப்பந்து ஆடி வளர்ந்தவள் நான். அமெரிக்காவில் விளையாட்டு நிர்வாகம் படித்துவிட்டு, ஒரு பல்கலைக்கழக விளையாட்டுத் துறையின் கம்ப்ளையன்ஸ் பிரிவில், அதாவது விதிகள் மீறப்படாமல் பார்த்துக்கொள்ளும் பிரிவில், இருக்கிறேன். தணிக்கைத் துறையில் ஓய்வுபெற்ற அப்பா, "பந்து ஆடுற புள்ளைங்களுக்குக் கணக்கு எழுதவா அவ்வளவு தூரம் போனே?" என்கிறார். போன மாதம் கோச் கேட்டாரென்று ஒரு மாணவியின் வாரப் பயிற்சி நேரத்தை 23-லிருந்து 20 ஆக்கினேன்; அவளும் பார்க்காமலே கையெழுத்துப் போட்டாள். இப்படிச் சின்ன நெளிவுசுளிவுகள் உண்டு என்றாலும் பிடித்த வேலை. அப்பாவுக்கு எப்படிப் புரியவைப்பது?

பதில்: அப்பா இருக்கட்டும். அந்தக் கையெழுத்துக்கு வாருங்கள்.

சீசனில் பயிற்சி வாரத்துக்கு அதிகபட்சம் 20 மணி நேரம், ஒரு நாளைக்கு 4 மணி நேரம், வாரத்தில் ஒரு நாள் கட்டாய ஓய்வு. அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் என்.சி.ஏ.ஏ. அமைப்பின் முதல் டிவிஷனில் இருக்கும் இந்த விதியை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மேட்ச் எவ்வளவு நேரம் இழுத்தாலும் ஏட்டில் 3 மணி நேரம்தான். பஸ்ஸில் போய் வருகிற நேரம் கணக்கிலேயே கிடையாது. ஏற்கெனவே சுருங்கிய கணக்கு அது. அதிலுமா கை வைத்தீர்கள்?

நேரம் கூடிப்போனது சின்னத் தப்பு. பல்கலைக்கழகமே முன்வந்து சொன்னால், பெரும்பாலும் பின்னால் வரும் பயிற்சியில் நேரத்தைக் குறைத்து முடித்துவிடுவார்கள். ஏட்டைத் திருத்துவது நேர்மைக் குற்றம். மிகக் கடுமையான முதல் நிலைக் குற்றம் வரைக்கும் போகும். கோச்சின் சின்னத் தப்பை வாங்கி, பெரிதாக்கி, உங்கள் பெயரில் எழுதிக்கொண்டிருக்கிறீர்கள்! விசா பயமாக இருக்கலாம். எச்-1பி வேலை விசாவில் வேலை போனால் அங்கே தங்க அதிகபட்சம் 60 நாள்தான் என்பது எனக்கும் தெரியும். அதற்காக இதைச் சரி என்று சொல்ல மாட்டேன்.

அந்தப் பெண்ணுக்கு 19 வயது இருக்குமா? காலையிலும் சாயங்காலமும் கிரவுண்டில் நின்றுவிட்டு முதல் பீரியடில் தூங்கி விழுந்ததெல்லாம் உங்களுக்கு மறந்துபோச்சா? "போதும், பிள்ளையை அனுப்புங்க" என்று கோச்சிடம் சொல்வதற்குத்தான் அங்கே உங்களுக்குச் சம்பளம். பெற்றவர்கள் பக்கத்தில் இல்லாத இடத்தில், இருக்கிற பெரியவர்தான் பெற்றவர் என்று நினைக்கிறவள் நான். பழைய காலத்து ஆள் என்றால் இருந்துவிட்டுப் போகிறேன். அவள் பார்க்காமல் கையெழுத்துப் போட்டதை நீங்கள் சௌகரியமாக எழுதுகிறீர்கள். நீட்டியது நீங்கள் என்பதால்தானே அவள் பார்க்கவில்லை?

அப்பா உங்கள் வேலையை மதிக்கவில்லை என்று வருத்தம். போன மாதம் நீங்கள் மதித்தீர்களா?

திங்கட்கிழமை காலையில் முதல் வேலையாக உங்கள் மேலதிகாரியிடம் போய், பழைய தாளையும் திருத்திய தாளையும் மேசையில் வையுங்கள். கோச் கேட்டதையும் சொல்லுங்கள், நீங்கள் செய்ததையும் சொல்லுங்கள். அதற்கு முன்னால், ஞாயிறு ராத்திரி அப்பாவுக்குப் போன் போடுங்கள். வேலையைப் பற்றி எந்த விளக்கமும் வேண்டாம். "அப்பா, 23-ஐ 20ன்னு திருத்திட்டேன்" என்று மட்டும் சொல்லுங்கள். ஆயுசு முழுக்க ஏடு பார்த்தவர்; உங்கள் வேலை என்ன என்று அதற்கப்புறம் கேட்க மாட்டார்.