ஏழு டப்பாவிலும் இல்லாத ஒன்று

கேள்வி: எனக்கு 49 வயது. 18 வயதிலிருந்து தேயிலைக் கொழுந்து பறிக்கிறேன். இரண்டு கன்னத்திலும் மங்கு விழுந்திருக்கிறது. கண்ணோரம் சுருக்கம், கழுத்துத் தோலும் தொங்குகிறது. கொழும்பில் வேலை செய்யும் மகள் லீவில் வரும்போதெல்லாம் ஒரு கிறீம் கொண்டுவருகிறாள். இப்போது ஏழு டப்பா சேர்ந்துவிட்டது. ஒன்றை நாலு நாள் பூசிப் பார்ப்பேன், பிறகு அடுத்ததுக்குப் போவேன். டவுனில் ஃபேன்ஸி கடையில் நானே வாங்கிய ஒன்று மட்டும் பத்தே நாளில் முகத்தை வெளுக்க வைத்தது. அதை நிறுத்தினால் முகம் சிவந்து எரிகிறது. “பேரன் பிறந்த பிறகு உனக்கு எதுக்கு இதெல்லாம்” என்கிறார் வீட்டுக்காரர். எல்லா டப்பாவையும் போட்டோ எடுத்து அனுப்பியிருக்கிறேன். எதைப் பூசலாம், எதை விடலாம்?
— பெயர் வேண்டாம், மஸ்கெலியா

பதில்: அன்புத் தங்கைக்கு,

முதலில் அந்த ஃபேன்ஸி கடை கிறீம். அதை இன்றைக்கே நிறுத்திவிடுங்கள். போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். என்னென்ன சேர்த்துச் செய்தது என்று டப்பாவில் எங்கும் இல்லை, இறக்குமதி செய்தவரின் பெயரும் விலாசமும்கூட இல்லை. பத்து நாளில் வெளுக்க வைத்து, நிறுத்தினால் எரியவும் வைக்கிற கிறீமில் பெரும்பாலும் ஸ்டெரொய்ட் இருக்கும். பாதரசம் சேர்த்தும் இப்படிப்பட்ட கிறீம்கள் விற்கப்படுகின்றன. ஸ்டெரொய்ட் தோலை மெலிய வைத்துவிடும், நாளாக நாளாகச் சிவப்பு நரம்புகள் வெளியே தெரியும், பருவும் மயிரும் வரும். பாதரசம் தோலோடு நிற்பதில்லை, இரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தைக் கெடுக்கும். பூசிய முகத்தோடு பேரனைத் தூக்கிக் கொஞ்சினால் பிள்ளையின் மேலும் ஒட்டும். தலையணை உறையையும் துவாயையும் தனியாகத் துவைத்துப் போடுங்கள்.

டப்பாவை அடுப்பில் போட்டு எரிக்கவே வேண்டாம். பாதரசம் இருந்தால் அது ஆவியாகி, வீட்டில் இருக்கிற எல்லோருடைய மூச்சிலும் போய்விடும். ஒரு பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டி, டொக்டரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். தோட்டத்து டிஸ்பென்சரியில் சொல்லிக் கடிதம் வாங்கினால் நுவரெலியா, கண்டி அரசாங்க வைத்தியசாலைகளின் தோல் கிளினிக்குக்குப் போகலாம், செலவில்லை. அதுவரைக்கும் முகம் எரிந்தால் வெறும் வாசலின் போதும். சில வாரம் எரியும், தாங்க முடியாமல் திரும்ப அதே கிறீமை எடுக்கத் தோன்றும். எடுக்க வேண்டாம் தங்கச்சி. விற்ற கடையைப் பற்றி முறைப்பாடு செய்ய நினைத்தால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம்.

வீட்டுக்காரர் சொன்னதை மனதில் வைக்க வேண்டாம். 31 வருடம் மழையிலும் வெயிலிலும் நின்ற முகம் அது. கண்ணாடி பார்க்கும்போது அது நன்றாக இருக்க வேண்டும் என்று நினைப்பதற்கு வயசு எல்லை எதுவும் இல்லை.

சரி, இப்போது ஒரு காரியம் செய்யுங்கள். வேலை முடிந்து வந்து, தலைத்துண்டை அவிழ்த்துவிட்டு, வெளிச்சத்தில் கண்ணாடி முன் நில்லுங்கள். துண்டும் கொழுந்துப் பையின் பட்டியும் மறைத்திருந்த மேல்நெற்றியை முதலில் பாருங்கள். அப்புறம் கன்னத்தைப் பாருங்கள். மேல்நெற்றியின் தோல் இளசாக, ஒரே நிறமாக இருக்கும். இப்போது கையைத் திருப்பி முழங்கையின் உட்பக்கத்தையும் புறங்கையையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எல்லாமே 49 வருடத் தோல்தான். மறைந்திருந்த இடமும் வெயில் பட்ட இடமும் எவ்வளவு வேறாகத் தெரிகிறது! உங்கள் கன்னத்தை மூப்பாக்கியதில் வயசின் பங்கைவிட வெயிலின் பங்கு பெரிது.

“எங்கள் ஊரில் ஏது வெயில், எந்நேரமும் பனிமூட்டம்தானே” என்று நீங்கள் கேட்கலாம். நம் மலையில் ஏமாந்துபோவது அந்த இடத்தில்தான். கடல் மட்டத்திலிருந்து ஒவ்வொரு 1,000 மீற்றர் ஏறும்போதும் சூரியனின் புற ஊதாக் கதிர் ஏறத்தாழ 10 வீதம் கூடுகிறது. நுவரெலியா டவுன் 1,868 மீற்றர் உயரம். பூமத்திய ரேகையும் நமக்கு அதிக தூரமில்லை. மெல்லிய மேகத்தைத் தாண்டி அந்தக் கதிரில் பெரும்பகுதி இறங்கிவிடும். கொழும்பிலும் மட்டக்களப்பிலும் வெயில் சுடும், ஆட்கள் நிழல் தேடி ஓடுவார்கள். இங்கே குளிர்காற்று அடிப்பதால் சூடு தெரிவதில்லை, நாள் முழுக்க நிரையில் நிற்கிறோம். நம் கறுத்த தோலில் சுருக்கம் பிந்தித்தான் வரும், மங்கு முந்தி வந்துவிடும்.

அப்படியென்றால் உங்கள் ஏழு டப்பாவிலும் முதலில் இருந்திருக்க வேண்டியது சன்ஸ்கிரீன், வெயிலின் கதிரைத் தடுக்கிற கிறீம். ஏழிலும் அது இல்லை. அது இல்லாமல் மற்ற எதைப் பூசினாலும் ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றுகிற கதைதான். ஆஸ்திரேலியாவில் நம்பூர் என்ற ஊரில் 900 பேருக்கு மேற்பட்டவர்களை நாலரை வருடம் கவனித்து, 2013இல் முடிவை வெளியிட்டார்கள். தினமும் சன்ஸ்கிரீன் பூசியவர்களின் தோல், விருப்பப்பட்டபோது மட்டும் பூசியவர்களின் தோலைவிட 24 வீதம் குறைவாகத்தான் மூப்படைந்திருந்தது. அந்த ஊர்க்காரர்கள் பெரும்பாலும் வெள்ளைத் தோல்காரர்கள்தான். ஆனாலும் மங்கு குறைய நமக்கும் முதல் மருந்து இதுவே.

வாங்கும்போது எஸ்பிஎஃப் 30 அல்லது அதற்கு மேல், கூடவே பிஏ என்ற எழுத்துக்குப் பக்கத்தில் மூன்று கூட்டல் குறியாவது இருக்கிறதா என்று பாருங்கள். எஸ்பிஎஃப் 30 என்பது தோலைச் சுடுகிற கதிரில் 97 வீதத்தைத் தடுக்கும், 50 என்பது 98 வீதம். அந்த ஒரு வீதத்துக்காக அதிகக் காசு கொடுக்க வேண்டாம். தோல் நிறத்திலேயே வருகிற, அயன் ஒக்சைட் சேர்த்த சன்ஸ்கிரீன் கிடைத்தால் மங்குக்கு இன்னும் நல்லது, கண்ணுக்குத் தெரிகிற வெளிச்சமும் மங்கைக் கூட்டும் என்பதால்.

அளவுதான் முக்கியம். ஆட்காட்டி விரலிலும் நடுவிரலிலும் அடியிலிருந்து நுனிவரை இரண்டு கோடு பிழிந்தால் முகத்துக்கும் கழுத்துக்கும் சரி. பொட்டு வைப்பதுபோல் தொட்டுத் தொட்டு வைத்தால் பலனில்லை. காலையில் மலைக்குக் கிளம்ப முன்னர் ஒரு தரம், பகல் கொழுந்து நிறுத்துவிட்டு வரும்போது ஒரு தரம். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை என்பதுதான் முறை, நிரையில் நின்றுகொண்டு அது நடக்காது என்று எனக்குத் தெரியும். பகலில் பூச முன்னர் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். கொழுந்துக் கறையும் மலைக்கு அடித்த மருந்தும் கையில் இருக்கும், அதை முகத்தில் தேய்க்கக் கூடாது. தலைத்துண்டை இரண்டு விரல் அளவு முன்னால் இழுத்துக் கட்டினால் நெற்றிக்கும் கண்ணுக்கும் நிழல் கிடைக்கும்.

இனி மற்ற டப்பாக்கள். பச்சை மூடி போட்ட லோஷனில் தோலின் ஈரத்தைக் காக்கிற கிளிசரினும் செரமைடும் இருக்கின்றன. அது நல்லது, வைத்துக்கொள்ளுங்கள். மாதவிடாய் நின்ற முதல் ஐந்து வருடத்தில் தோலை இறுக்கமாக வைத்திருக்கிற கொலாஜன் என்ற புரதம் 30 வீதம் வரை குறையும், தோல் காயும். உங்களுக்கு இது அந்த வயது. முகம் கழுவி ஈரம் காய முன்னரே காலையும் இரவும் அந்த லோஷனைப் பூசுங்கள். மார்கழி, தைக் குளிரில் இது இல்லாமல் சரிவராது.

‘கொலாஜன்’ என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கிற கிறீம் தோலுக்குள் போய் எதையும் நிரப்பாது. அந்த மூலக்கூறு பெரிது, தோலின் மேல்படையைத் தாண்டாது. மேலே ஈரத்தைப் பிடித்து வைக்கும், அவ்வளவுதான். கைக்குப் பூசி முடித்துவிடுங்கள். சொரசொரப்பான ஸ்க்ரப்பைத் தொடவே வேண்டாம், தேய்க்கத் தேய்க்க மங்கு கூடும். தங்க நிற மாஸ்கும் அப்படித்தான், உரிக்கும்போது தோலையும் இழுக்கும். வைட்டமின் சி போத்தலில் இருப்பது பிளேன்டீ நிறத்துக்கு வந்துவிட்டது. காற்றுப் பட்டுக் கெட்டுப்போயிருக்கிறது, ஊற்றிவிடுங்கள்.

மீதி இருப்பது ரெட்டினோல் போட்ட இரவுக் கிறீம். ஏழில் சுருக்கத்துக்கு உண்மையாகவே வேலை செய்யக்கூடியது இது ஒன்றுதான், வைட்டமின் ஏ இனத்தைச் சேர்ந்தது. நாலு நாளில் இதைக் கைவிட்டது நியாயமில்லை. இது வேலை காட்ட மூன்று மாதமாவது ஆகும். ஆனால் இப்போது தொடங்காதீர்கள். அந்த ஃபேன்ஸி கடை கிறீமால் வந்த எரிச்சல் முழுதாக அடங்கி, டொக்டரும் சரி என்ற பிறகு தொடங்குங்கள். முதலில் காதுக்குக் கீழே தாடையோரத்தில் ஒரு வாரம் இரவில் பூசிப் பாருங்கள். சிவக்காமல், அரிக்காமல் இருந்தால் முகத்துக்குப் போகலாம். முகம் நன்றாகக் காய்ந்த பின், முழு முகத்துக்கும் ஒரு பட்டாணி அளவு. முதல் மாதம் வாரத்தில் இரண்டு இரவு மட்டும். கண் ஓரமும் வாய் ஓரமும் விட்டுவிடுங்கள். லேசாகத் தோல் உரிந்தால் பயப்பட வேண்டாம், லோஷனைக் கூட்டிப் பூசுங்கள். எரிந்தால் நிறுத்திவிடுங்கள். மகளும் அதைப் பூசுகிறாள் என்றால், பிள்ளை உண்டாகியிருக்கும்போதும் பால் கொடுக்கும்போதும் தொடக் கூடாது என்று சொல்லிவையுங்கள்.

எந்தப் புதுக் கிறீமானாலும் இப்படித்தான், ஒரு நேரத்தில் ஒன்று. இரண்டைச் சேர்த்துத் தொடங்கினால் எது நல்லது செய்தது, எது கெடுத்தது என்று யாராலும் சொல்ல முடியாது. திறந்த தேதியை டப்பாவின் அடியில் பேனாவால் எழுதுங்கள். மாதம் ஒரு தடவை, அதே இடத்தில், அதே நேர வெளிச்சத்தில் ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். தினமும் கண்ணாடி பார்க்கிற கண்ணுக்கு மாற்றம் தெரியாது.

கழுத்துத் தொங்குவதற்கு உங்களிடம் பொய் சொல்ல மாட்டேன். எந்தக் கிறீமும் அதைத் தூக்கி நிறுத்தாது. சன்ஸ்கிரீனும் லோஷனும் பூசினால் இன்னும் மோசமாகாமல் பார்த்துக்கொள்ளலாம். ஆனால் பிடரியில் தோல் தடித்து, வெல்வெட் துணிபோல் கறுத்திருந்தால் கிறீம் தேட முன்னர் சீனி வருத்தம் இருக்கிறதா என்று இரத்தம் சோதித்துப் பாருங்கள். கன்னத்துச் சிவப்போடு மூட்டு நோவும் இருந்தால், அல்லது ஒரு கறுப்புப் புள்ளி ஓரம் கோணலாகி வளர்ந்தால், ஆறாத புண் இருந்தால், அதையும் கிளினிக்கில் கட்டாயம் காட்டுங்கள்.

பக்கத்து லயத்தில் யாராவது தேசிக்காய்ச் சாறு பூசச் சொல்வார்கள். எனக்கும் சொன்னார்கள். 22 வயதில், பண்டாரவளையில் ஒரு கல்யாணத்துக்கு முதல் நாள், பாதித் தேசிக்காயைக் கன்னத்தில் தேய்த்துக்கொண்டு வெயிலில் கோயிலுக்கு நடந்தேன். சாறு வழிந்த தடத்திலேயே, கன்னத்திலிருந்து தாடைவரை கறுப்புக் கோடு விழுந்தது. போக ஆறு மாதம் எடுத்தது. தேசிக்காய்ச் சாறும் வெயிலும் சேர்ந்தால் தோல் வெந்துபோகும் என்பதை அன்றைக்கு எனக்குச் சொல்ல ஆள் இல்லை. கற்றாழைச் சோறு பூசலாம், எரிச்சலுக்குக் குளிர்ச்சி. தேங்காயெண்ணெய் இரவில் கைகாலுக்கு நல்லது.

மகள் உங்கள் மேல் உள்ள பாசத்தில் வாங்கி வருகிறாள், அவளைக் கோபிக்க வேண்டாம். அடுத்த லீவுக்கு வரும்போது புது டப்பா ஒன்றும் வேண்டாம், பாமசியில் பெரிய டியூப்பாக ஒரு சன்ஸ்கிரீன் மட்டும் வாங்கிவரச் சொல்லுங்கள். இரண்டு விரல் அளவு பூசினால் சின்ன டியூப் மாதக் கடைசி வரைக்கும் காணாது.