மூன்று நாணயமும் ஒரு கேமும்

கேள்வி: டோக்கியோ காமிக்கெட் சந்தையில் அனிமே (ஜப்பானிய கார்ட்டூன்) ரசிகர்கள் தாங்களே செய்த கேம்களை விற்கிறார்களாமே? போனால் எதை மறக்கக் கூடாது?

பதில்: சில்லறையை! 1975 டிசம்பரில் 32 குழுக்களோடு தொடங்கிய சந்தை இது. இப்போது ஆகஸ்டிலும் டிசம்பரிலும் பிக் சைட் அரங்கில் நடக்கிறது. ‘ஹிகுராஷி’ கேம் 2002-இல் முதலில் விற்பனைக்கு வந்ததும் இங்கேதான். நான் போனது ஆகஸ்டில். வரிசையிலேயே சட்டை தொப்பலாகிவிட்டது. ஒரு மேசையில் பத்தாயிரம் யென் நோட்டை நீட்டினேன். அந்தப் பையன் சில்லறை டப்பாவைத் திறந்தே காட்டிவிட்டான்: மூன்றே நாணயம். நோட்டை மாற்றிக்கொண்டு திரும்புவதற்குள் கேம் தீர்ந்துபோச்சு. 100, 500 யென் நாணயமாகவே கொண்டுபோங்கள். அப்புறம், காஸ்ப்ளே உடையை, அதாவது அனிமே பாத்திரம்போல் போடும் வேட உடையை, விடுதியிலேயே மாட்டிக்கொண்டு கிளம்பாதீர்கள், அதற்கு அனுமதியில்லை. உடை மாற்ற அங்கேயே தனி இடம் உண்டு.