சந்திப்புக்கு வராதவர்

வணக்கம் சார்,

மதுரையில் எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப்பணி முதுகலை) முடித்து, கல்யாணமாகி அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் மினியாபொலிஸ் வந்து பதினான்கு வருடமாகிறது. சிறையிலிருந்து விடுதலையாகிறவர்கள் சில மாதம் தங்கும் இல்லம் ஒன்றில் ஒன்பது வருடமாக கேஸ் மேனேஜராக இருக்கிறேன். அடையாள அட்டை வாங்கித் தருவது, வேலை தேடித் தருவது, குடிநிறுத்தக் கூட்டத்துக்கு அனுப்புவது, இதுதான் வேலை. வயது 43. இணையவழியில் ஹியூமன் சர்வீசஸ் (மக்கள் நலச் சேவை) முனைவர் பட்டம், குற்றவியல் நீதியைச் சிறப்புப் பாடமாக எடுத்துப் படிக்கலாமா என்று யோசிக்கிறேன். வீட்டுக்காரர் ‘இந்த வயசுல எதுக்கு’ என்கிறார். சேர்க்கைப் பிரிவிலிருந்து வாரம் இரண்டு தடவை போன் வருகிறது. சம்பளம் கூடும் என்கிறார்கள். பிற்பாடு ஊருக்குத் திரும்பினால் கல்லூரியில் பாடம் எடுக்கலாம் என்றும் ஒரு ஆசை.

போன மாதம் எங்கள் இல்லத்தில் இருந்த ஒருவர், 51 வயது, பார்சல் கிடங்கில் ராத்திரி ஷிப்ட் முடித்து பஸ்ஸிலேயே தூங்கிப்போய், கண்காணிப்பு அலுவலரின் சந்திப்பை இரண்டாவது முறையாகத் தவறவிட்டார். திரும்பவும் சிறைக்கு அனுப்பிவிட்டார்கள். அவர் அறையைக் காலி செய்யும்போது தலையணைக்கு அடியில் ஒரு அலாரம் கடிகாரம் இருந்தது. விலை ஸ்டிக்கர்கூடக் கிழிக்கவில்லை. அன்றைக்கு ராத்திரிதான் படித்தே ஆகவேண்டும் என்று தோன்றியது. சரிதானா சார்?

எம்.

அன்புள்ள எம்.,

முதலில் அந்தப் போனை எடுக்காதீர்கள். பேசுகிறவருக்கு நீங்கள் இந்த மாத இலக்கில் ஒரு எண்.

ஊரில் பாடம் எடுக்கும் ஆசையை இந்தப் பட்டத்தோடு சேர்க்க வேண்டாம். இணையவழி, தொலைதூர பிஎச்.டி.யை இந்தியாவின் பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) ஏற்பதில்லை. வெளிநாட்டு நிறுவனங்கள் இணையவழிக் கல்வி (எட்டெக்) கம்பெனிகளோடு சேர்ந்து நடத்தும் இணையவழி பிஎச்.டி. செல்லாது என்று 2022 அக்டோபரில் தொழில்நுட்பக் கல்விக் குழுவோடு (ஏஐசிடிஇ) சேர்ந்து எச்சரிக்கையே விட்டார்கள். சம்பளம்தான் நோக்கம் என்றால் அதற்கும் இது சுற்றுவழி. உங்கள் மதுரைப் பட்டத்தை அமெரிக்க சமூகப்பணிக் கல்வி மன்றத்திடம் மதிப்பீட்டுக்கு அனுப்பி, சமநிலைச் சான்று வாங்கி, சமூகப்பணி உரிமத் தேர்வு எழுதுங்கள். ஹியூமன் சர்வீசஸ் முனைவர் பட்டம் உங்கள் பெயருக்கு முன்னால் டாக்டர் என்று போடும். சமூகப்பணி உரிமத்தைத் தராது.

பணத்தைப் பற்றி ஒன்று. பாடங்கள் ஓடிவிடும். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி பதினொன்றரைக்குக் கட்டுரை ஏற்றுகிற கூட்டத்தில் நீங்களும் ஒருத்தியாகிவிடுவீர்கள். சிக்குவது ஆய்வேட்டில். பருவத்துக்குப் பருவம் கட்டணம் கட்டிக்கொண்டே, முதல் அத்தியாயத்தைத் திருத்தித் திருத்தி அனுப்புவது. ஆய்வேட்டுக் கட்டத்தை வேண்டுமென்றே இழுத்தடித்தார்கள் என்று ஓர் இணையப் பல்கலைக்கழகத்தின் மீது மாணவர்கள் வழக்குப் போட்டு, 2024இல் 2 கோடியே 85 லட்சம் டாலருக்கு சமரசமானது. தப்பு செய்ததாகப் பல்கலைக்கழகம் ஒப்புக்கொள்ளவில்லை. அது வணிக நிர்வாக முனைவர் பட்டம்தான், ஆனாலும் கதை ஒன்றே. நானும் பகுதிநேர ஆய்வில் பதிந்து, ஆறு வருடம் கட்டணம் கட்டி, மூன்று நெறியாளர்களைக் கண்டு, கடைசியில் விட்டவன். கையில் மிஞ்சியது அவர்கள் தந்த மூன்று கல்யாணப் பத்திரிகை.

இவ்வளவு சொன்னபிறகும் உங்களைப் படிக்க வேண்டாம் என்று சொல்ல மனமில்லை. காரணம் அந்த அலாரம் கடிகாரம்.

நம்மூரில் பரோல் என்றால் அக்கா மகள் கல்யாணத்துக்கு போலீஸ் காவலோடு மூன்று நாள் வந்துபோவது. மற்ற வாசகர்களுக்காகச் சொல்கிறேன், அமெரிக்காவில் அதன் பொருளே வேறு. மினசோட்டாவில் பொதுவாகத் தண்டனையின் மூன்றில் இரண்டு பங்கு உள்ளே, மிச்சம் வெளியே கண்காணிப்பில். அந்த மிச்சக் காலத்தில் சந்திப்பைத் தவறவிட்டாலே போதும், புதிதாக எந்தக் குற்றமும் செய்யாமல் உள்ளே போய்விடலாம். அமெரிக்க மாநில அரசுகளின் மன்றம் 2019இல் வெளியிட்ட கணக்குப்படி, மாநிலச் சிறைகளுக்குள் நுழைந்தவர்களில் 45 சதவீதம் பேர் கண்காணிப்பு விதியை மீறியதால் வந்தவர்கள். ஏறத்தாழ நாலில் ஒருவர், உங்கள் இல்லத்துக்காரரைப் போல, புதுக் குற்றம் இல்லாமல் விதிமீறலுக்காக மட்டுமே வந்தவர்.

இதையே ஆய்வாக எடுப்பேன் என்பீர்கள். அங்கேதான் ஒரு முட்டுக்கட்டை இருக்கிறது, சேர்க்கைப் பிரிவுக்காரர் அதைச் சொல்லமாட்டார். பிலடெல்பியாவின் ஹோம்ஸ்பர்க் சிறையில் 1951 முதல் 1974 வரை ஆல்பர்ட் கிளிக்மன் என்ற தோல் மருத்துவர், கையில் கொஞ்சம் டாலரைக் கொடுத்து, கைதிகளின் தோலில் மருந்துகளைப் பூசிச் சோதித்தார். அதுபோன்ற அக்கிரமங்களின் பின்விளைவாக 1978இல் கைதிகளை வைத்துச் செய்யும் ஆய்வுக்குத் தனி விதி வந்தது. அனுமதி தரும் குழுவில் கைதிகளின் தரப்பு தெரிந்த ஒருவர் இருந்தாக வேண்டும். எந்தெந்த வகை ஆய்வு செய்யலாம் என்பதற்கும் வரம்பு உண்டு. நியாயமான விதிதான், குறை சொல்லமாட்டேன். ஆனால் உங்கள் ஆளை எடுத்துக்கொள்ளுங்கள். சொந்த வாடகை வீட்டில் கண்காணிப்பில் இருக்கும்வரை அவர் சாதாரணப் பிரஜை, பேட்டி எடுக்கலாம். கட்டாயத்தின் பேரில் உங்கள் இல்லத்தில் அடைபட்டிருந்தால் விதிக்குள் வந்துவிடலாம். திரும்ப அனுப்பிய நிமிடம் அவர் கைதி. எதற்காகத் திரும்பப் போனார் என்று யாரிடம் கேட்கவேண்டுமோ, அவரிடம்தான் உங்களால் எளிதில் கேட்கமுடியாது.

அதனால் இணையத்தில் படிக்கிற மாணவர்கள் என்ன செய்கிறார்கள் என்றால், பத்துப் பன்னிரண்டு கண்காணிப்பு அலுவலர்களை ஜூமில் பேட்டி எடுத்து முடித்துவிடுகிறார்கள். நான் புரட்டிப் பார்த்த ஆய்வேடுகளில் பல இப்படித்தான். அனுப்பினவர்களின் குரல் இருக்கும். போனவர்களின் குரல் இருக்காது.

நீங்களும் உங்கள் இல்லத்துவாசிகளைப் பேட்டி எடுக்கப் போகாதீர்கள். பஸ் பாஸ் கொடுக்கிற கையே கேள்வித்தாளையும் நீட்டினால் யார் மறுப்பார்? உங்களிடம் இருப்பது வேறு. ஒன்பது வருடப் பதிவேடு. யார் எந்த ஷிப்ட் பார்த்தார், சந்திப்பு எத்தனை மணிக்கு வைத்தார்கள், அந்த நேரத்துக்குப் பஸ் இருந்ததா, எதனால் திரும்ப அனுப்பினார்கள். பெயர்களை நீக்கிவிட்டு அதை ஆய்வுக்குப் பயன்படுத்த உங்கள் நிர்வாகம் எழுத்தில் அனுமதி தருமா என்று கேளுங்கள். தந்தால் அந்தக் கடிதத்தோடு, உங்கள் மாநில அரசுப் பல்கலைக்கழகம் உட்பட நாலு இடத்தில் பேராசிரியர்களுக்கு நேராக எழுதுங்கள். இந்தக் கேள்வியை எடுத்துக்கொள்ள ஒருவர் முன்வந்தால், அவர் இருக்கும் இடம் இணையவழியோ நேர்வழியோ, அங்கே சேருங்கள். நிர்வாகம் அனுமதி தராவிட்டால் முதல் பருவக் கட்டணத்தைக் கட்டவேண்டாம்.

வீட்டுக்காரரிடம் வயதைப் பற்றி வாதாட வேண்டாம். போன வருடப் பதிவேட்டை எடுத்து, எத்தனை பேர் திரும்பப் போனார்கள், அதில் எத்தனை பேர் ராத்திரி ஷிப்ட் என்று மட்டும் ஒரு சனிக்கிழமை உட்கார்ந்து எண்ணிப் பாருங்கள். அந்தக் கடிகாரத்தை, திரும்பச் சிறைக்குப் போனவரின் பொருட்களோடு சேர்த்து வைத்தீர்களா என்றும் எழுதுங்கள்.